முதியவர்களின் தலை ஸ்கேனில் எல்லாம் ஏஐ ‘ரத்தக்கசிவு’ என்கிறது: எங்கே கோளாறு?

இரவுப்பணி ரேடியோகிராஃபர்:
வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் சி.டி. எடுக்கிறேன். இரவில் ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர்) கிடையாது. படங்களை வெளியூருக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குகிறோம். அது வரும்வரை கைகொடுக்க ஓர் ஏஐ மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். முதியவர் யார் வந்தாலும் மூளையில் ரத்தக்கசிவு என்று சிவப்புக் கொடி காட்டுகிறது. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. டியூட்டி டாக்டர்கள் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். உண்மையிலேயே கசிவோடு ஒருவர் வரும் இரவை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

ரேடியாலஜிஸ்ட், மதுரை:
கொடி எந்த இடத்தில் விழுகிறது, தம்பி? மூளையின் நடுவிலுள்ள பைனியல் சுரப்பி, மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல், நடுக்கோட்டில் மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள சவ்வான ஃபால்க்ஸ்: வயதானால் சுண்ணாம்பு (கால்சியம்) படிகிற இடங்கள் இவை. கர்சரை வைத்து, அந்த இடத்தின் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவைப் பாருங்கள். புது ரத்தம் ஏறக்குறைய 50 முதல் 80 வரை காட்டும். 100ஐ நன்றாகத் தாண்டினால் பெரும்பாலும் கால்சியம்தான். மிகச் சிறிய புள்ளி என்றால் இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

பேக்ஸ் (ஸ்கேன் படங்களைச் சேமித்து அனுப்பும் கணினி அமைப்பு) பொறியாளர்:
மென்பொருளுக்கு எந்த சீரீஸ் (ஒரே ஸ்கேனின் படத்தொகுப்புகளில் ஒன்று) போகிறது என்பதை முதலில் பாருங்கள். கசிவைத் தேடும் மென்பொருளுக்குக் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயில் செலுத்தும் நிறமூட்டி மருந்து) இல்லாத, சாஃப்ட் டிஷ்யூ கெர்னலில் (மென்திசுக்களுக்கு ஏற்றபடி படத்தை அமைக்கும் கணக்கீட்டில்) அமைத்த படம்தான் வேண்டும். படத்துண்டின் தடிமன் எவ்வளவு வேண்டும் என்பது மென்பொருளின் கையேட்டில் இருக்கும். படங்களை அனுப்பும் விதியை ‘எல்லா சீரீஸும்’ என்று விட்டிருந்தால், இரைச்சல் மிகுந்த எலும்பு கெர்னல் படமும், ரத்தக்குழாய்கள் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் படமும் சேர்ந்தே போகும்.

இரவுப்பணி ரேடியோகிராஃபர்:
பார்த்துவிட்டேன் சார், எலும்பு சீரீஸும் போய்க்கொண்டிருக்கிறது. மேடம், மற்ற கொடிகளில் பாதிக்கு மேல் பைனியல் பக்கம்தான். இன்னொரு சந்தேகம்: கொடி விழாத ஸ்கேனை அவசரமில்லை என்று வைக்கலாமா?

ரேடியாலஜிஸ்ட், மதுரை:
கூடவே கூடாது. குளியலறையில் விழுந்து இரண்டு வாரம் கழித்து, தலைவலி, தள்ளாட்டம் என்று வரும் பெரியவரை எண்ணிப் பாருங்கள். மூளை உறைக்கு அடியில் தேங்கிய அந்த சப்டியூரல் ரத்தம் இதற்குள் மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். மூளை மடிப்புகள் மண்டையோட்டைத் தொடாமல் உள்ளே ஒதுங்கியிருப்பதுதான் தடயம். இரு பக்கமும் கசிந்திருந்தால் நடுக்கோடுகூட நகராமல் இருக்கலாம். மென்பொருள் இதைத் தவறவிடலாம்.

பக்கவாதத்திலும் அப்படித்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி. இயல்பாகவே தோன்றலாம். கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கொடி இல்லை என்பதை நம்பி யாரும் தொடங்கக் கூடாது. மருத்துவர் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகை மென்பொருள்கள் பலவற்றுக்கு அனுமதி தந்திருப்பதும் எந்தப் படத்தை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தத்தான், நோயைத் தீர்மானிக்க அல்ல.

அவசரப் பிரிவு மருத்துவர்:
ஒரு நோட்டுப் போடுங்கள்: கொடி விழுந்ததா, எந்த இடம், ரிப்போர்ட் என்ன சொன்னது. மென்பொருள் நிறுவனத்திடம் பேச அது இல்லாமல் முடியாது. கொடி விழுந்தால் வெளியூர் ரேடியாலஜிஸ்டை உடனே போனில் கூப்பிடுங்கள். நோயாளி மயங்கிக்கொண்டே போனால் கொடிக்காகக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

இரவுப்பணி ரேடியோகிராஃபர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நிறுவனத்துப் பொறியாளர் நாளை வந்து விதியை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகும் பைனியல் பக்கம் கொடி விழுந்தால், பெயர் நீக்கிய படங்களோடு மறுபடி கேட்கிறேன்.