கலப்பினப் பசு வாங்கி நாம்பன் விற்பது: கணக்கு சரிவருமா?

தம்பலகாமத்தான்:
திருகோணமலைப் பக்கம் எங்கள் பட்டியில் நாற்பது நாட்டுப் பசுக்கள். பால் வீட்டுக்கு மட்டும்தான், வருமானம் நாம்பன் (இளங்காளை) விற்பதில். பத்துப் பசுவை விற்று அந்தக் காசில் ஐந்து கலப்பின நாகு (இன்னும் ஈனாத இளம் பசு) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எனக்குச் சொல்லப்பட்ட விலையில் ஒரு நாகுவுக்கு இரண்டு நாட்டுப் பசு போய்விடும். கன்று பெரிதாக வரும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நல்ல விலை போகும் என்கிறார் தரகர்.

வெருகலாறு:
தரகருக்கு இரண்டு பக்கமும் காசு, அவர் வேறென்ன சொல்வார்? தம்பி, உங்கள் கணக்கையே எடுப்போம். பத்து நாட்டுப் பசு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று ஈன்றாலும் வருடம் ஐந்து கன்று. ஐந்து கலப்பினப் பசுவும் அதே மேய்ச்சலில் நின்று பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால் வருடம் மூன்று கன்று, கொஞ்சம் மேலே. அப்படியானால் ஒவ்வொரு கன்றும் நாட்டுக் கன்றைவிட ஒன்றரை மடங்கு நிறை நின்றால்தான் பழைய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். இலாபம் அதற்குப் பிறகுதான். தவிடு, புண்ணாக்கு, மிருக வைத்தியர் செலவு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

கிண்ணியாப் பட்டி:
ஏன் பதினெட்டு மாதம்? கொஞ்சம் கவனித்தால் பதினைந்தில் ஈன்றுவிடும். வருடம் நாலு கன்று, அப்போது கால்பங்கு கூடுதல் நிறை போதும். என் பட்டியில் சாஹிவால் (வெயில் தாங்கும் பஞ்சாப் பக்கத்து இனம்) கலப்புக் கன்று அதை வலு இலேசாகத் தாண்டுகிறது. இது நான் மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் இறைச்சி மாடுகளை வைத்து நீண்டகாலம் சோதித்தார்கள். தாயும் கலப்பு, கன்றும் கலப்பு என்றால், தனி இன மாடுகளைவிட, சேர்க்கைக்கு விட்ட ஒரு பசுவுக்குக் கிடைத்த பால்மறந்த கன்றின் நிறை ஏறக்குறைய 23 வீதம் கூடியது. அதில் பெரும்பங்கு தாய் கலப்பாக இருந்ததால் வந்தது.

வெருகலாறு:
கிண்ணியா நானா, நெப்ராஸ்காவில் ஐப்பசி தொடங்கினால் மாட்டைக் காட்டுக்குத் துரத்துகிறார்களா? இங்கே பெரும்போக (மழைக்கால) நெல் விதைத்ததும் வயல் பக்கம் மாடு வரக்கூடாது. மழையில் சேற்றில் நிற்கிற மூன்று மாதம்தான் எந்த மாட்டுக்கும் பரீட்சை. 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் கால்நடை செத்ததை மறந்துவிட்டீர்களா? பத்தில் ஒன்று செத்தால் போட்ட முதலில் பத்து வீதம் போகும். ஐந்தில் ஒன்று செத்தால் இருபது.

கிண்ணியாப் பட்டி:
மறக்கவில்லை. எங்கள் பக்கம் அன்று செத்ததில் மெலிந்த நாட்டு மாடும் நிறைய. கூரையும் வைக்கோலும் இல்லாததுதான் கொன்றது, இனம் இல்லை. இனத்தைக் குறை சொல்லிவிட்டுக் கொட்டில் போடாமல் இருப்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன சாட்டு.

கந்தளாய்க் குளத்தடி:
இருவரும் ‘கலப்பினம்’ என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். எதோடு எது? ஜேர்சி, பிரீசியன் கலப்பு பாலுக்கு வந்தது. வெயிலும் உண்ணியும் அதற்கு ஆகாது, ஜேர்சிக் கலப்பு நாம்பனில் சதையும் குறைவு. சாஹிவால் கலப்பு வேறு கதை.
அப்புறம், நல்ல நாகுவை எந்தப் பால்காரர் விற்பார்? சந்தைக்கு வருவதில் பாதி சினை நில்லாமல் கழித்தது. நான் ஒன்று வாங்கினேன். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. விற்கலாமென்றால் பசுவை வெட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு, பிறகு வாங்கியதில் பாதி விலைக்குக் கைமாறியது. 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்ததும் ஞாபகம் இருக்கட்டும். கழித்த மாட்டின் விலையை நம்பி முதல் போடுகிற தொழிலில் அந்த ஒரு செய்தியே பயம்.
என்னைக் கேட்டால், பசு வேண்டாம், ஒரு சாஹிவால் காளை வாங்குங்கள். நாற்பது பசுவையும் அது பார்த்துக்கொள்ளும். கன்று முழுக் கலப்பு.

கிண்ணியாப் பட்டி:
அதில் தாயின் பங்கு வராதே. பாலும் தாய்மையும் நாட்டுப் பசுவினுடையதுதான். சிறிய பசுவுக்குப் பெரிய காளை என்றால் ஈற்றில் கன்று சிக்கும், முதல் ஈற்றுக் கிடாரியில் தாயையும் இழக்கலாம்.

கந்தளாய்க் குளத்தடி:
கிடாரிகளைப் பிரித்துவிட வேண்டும், உண்மை. ஆனால் அந்தக் காளைக்குப் பிறக்கிற நாகுகளே நாலு வருடத்தில் நீங்கள் சொல்கிற கலப்பினத் தாய்கள். காசு கொடுக்காமல், இந்த மேய்ச்சலிலேயே வளர்ந்தவை. அதற்குள் காளையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மகளையே சேரும். மாற்றுவதும் வேறு இனமாக இருக்கட்டும். பழைய இனத்தையே திரும்ப விட்டால் கலப்பு வீரியம், அதாவது கலப்பால் வரும் கூடுதல் பலன், பாதியாகும்.

வெருகலாறு:
இதற்கு நான் எதிரில்லை. ஒரு காளைக்குக் கூரை போடலாம், ஐந்து நாகுவுக்கு இந்த மழைக்குள் முடியாது.

கிண்ணியாப் பட்டி:
நாலு வருடம் காத்திருக்க எல்லோரிடமும் காசு இல்லை. தாய் தெரிந்த நாகு இரண்டு கிடைத்தால் நான் வாங்கத்தான் சொல்வேன்.

தம்பலகாமத்தான்:
தரகருக்கு இப்போதுதான் போன் எடுத்தேன். நாகுகளின் தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “தாய் இங்கே இல்லை, காசைக் கொண்டு வாருங்கள்” என்கிறார். சாஹிவால் காளை யாரிடமாவது இருக்கிறதா?