குணசேகரன் வீடு மட்டக்களப்பில் நிற்குமா?

கல்லடி மச்சான்:
எதிர்நீச்சல் டிவி நாடகத்தால் வீட்டில் தினமும் சண்டை, இங்கேயும் கேட்டுவிடுகிறேன். நான்கு அண்ணன் தம்பி, நான்கு மருமகள்கள், ஒரே வீடு. மூத்தவர் ஆதி குணசேகரன் முறைத்தால் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி எல்லாரும் குசினிக்குள் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கலாம். நம்ம மட்டக்களப்புப் பக்கம் கல்யாணம் முடிந்து பெட்டியோடு போவது மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்குச் சீதனம், உறுதியும் (காணிப் பத்திரம்) அவள் பேரில். குணசேகரன் மாதிரி நான் என் மனைவியிடம் "இந்தாம்மா ஏய்" என்றால் அன்றிரவு எனக்குத் திண்ணைதான். இதை நம்ம கதை மாதிரி எப்படிப் பார்க்கிறீர்கள்?

களுவாஞ்சி அக்கா:
தம்பி அரைவாசிக் கதைதான் பார்த்திருக்கிறீர்கள். குணசேகரனின் நித்திரையைக் கெடுத்தது அப்பத்தா பட்டம்மாள் பேரில் இருந்த நாற்பது சதவீதச் சொத்து. பெண் பேரில் சொத்து இருந்தாலும் அதைச் சுற்றி ஆண்கள் என்னென்ன செய்வார்கள் என்பதுதானே கதை? நம்ம பக்கம் உறுதி மகள் பேரில், சரி. அதை ஈடு வைக்கக் கையெழுத்துக் கேட்பது யார்? எந்த வளவு (வீட்டுக் காணி) எந்த மகளுக்கு என்று சொல்வது யார்?

கல்லடி மச்சான்:
கேட்கலாம் அக்கா. ஆனால் இங்கே குரலை உயர்த்தினால் பக்கத்து வளவில் இருந்து அவளுடைய அம்மாவும் அக்காவும் வந்துவிடுவார்கள். கடைசி மருமகள் ஜனனிக்குக் குணசேகரன் வீட்டில் அப்படி யார் இருந்தார்கள்?

காத்தான்குடி காக்கா:
எங்கட பக்கமும் இதே வழக்கம்தான். அதனால் எனக்கு 2002 இல் தொடங்கிய மெட்டி ஒலி நாடகம்தான் நெருக்கம். டெல்லி குமார் நடித்த சிதம்பரத்துக்கு ஐந்து பெண் பிள்ளைகள்: சரோ, தனம், லீலா, விஜி, பவானி. அங்கே அவர் ஐந்து மாப்பிள்ளை தேடினால் போதும், இங்கே ஐந்து வீடும் கட்ட வேண்டும்! தங்கச்சிக்கு வீடு முடியும்வரை கத்தாரில் நின்று, தலை நரைத்த பிறகு மாப்பிள்ளையாகும் அண்ணனை வைத்து ஒரு நாடகம் எடுத்தால் 1000 நாள் ஓடும்.

களுவாஞ்சி அக்கா:
காக்கா, தாய்மாரையும் சேருங்கள். குவைத்தில் வீட்டு வேலை செய்து மகளுக்குக் கல்வீடு கட்டிவிட்டு, பின்னால் தகரக் கொட்டிலில் படுக்கிறார்கள். முன் விறாந்தையில் கதிரை போட்டு இருப்பது மருமகன்.

திருக்கோவில் பெட்டை:
உறுதி, வளவு என்று காணிக் கந்தோர் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். நான் எதிர்நீச்சல் பார்த்தது குணசேகரனாக நடித்த மாரிமுத்துவுக்காக. 2023 செப்டம்பரில் அவர் இறந்த பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனால் அவர் கோபப்பட்டால் பயம் மட்டும்தான் வரும். மாரிமுத்து கோபப்பட்டால் சிரிப்பும் சேர்ந்து வரும்.

கல்லடி மச்சான்:
தங்கச்சி, நான் சொல்வதும் அதுதான். குணசேகரன் நம்ம வீட்டு ஆள் இல்லை, அதனால்தான் சிரிக்க முடிந்தது.

களுவாஞ்சி அக்கா:
என் அம்மா சிரித்தது தன் அண்ணன் ஞாபகத்தில். அம்மாவின் மாப்பிள்ளை, சீதனம், வீடு கட்டும் இடம் எல்லாம் முடிவு செய்தவர் அந்த மாமாதான். நாடகத்தில் குணசேகரனின் தங்கச்சி ஆதிரைக்கு விருப்பமே இல்லாமல் கரிகாலனை மாப்பிள்ளையாகப் பிடித்தது மாமியாரா? கூடப் பிறந்த அண்ணன்! நம்ம ஊர்க் குணசேகரனைப் புருஷன் வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டான் தம்பி. பெண்ணின் தாய்மாமனைப் பாருங்கள்.

கல்லடி மச்சான்:
மாமாமார் கல்யாணப் பேச்சிலும் கோயில் திருவிழாவிலும் முன்னுக்கு நிற்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். பேச்சு முடிந்ததும் எங்கே போவார்கள்? தங்கள் மனைவி வீட்டுக்குத்தானே. அங்கே அவர்களும் என்னைப் போல மாப்பிள்ளைதான் அக்கா.