ஆட்டைத் தோளில் சுமக்கும் இளைஞன் ஹெர்மஸா, இயேசுவா?

கேள்வி (நிலாமுற்றம்):
வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'நல்ல மேய்ப்பன்' சிலையின் படத்தை நேற்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடி இல்லாத முகம், சுருள்முடி, குட்டை அங்கி, தோளில் ஆடு. கி.பி. 300 வாக்கில் செய்தது என்கிறார்கள். ஆனால் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஏதென்ஸ் நகரின் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் கன்றுக்குட்டியைத் தோளில் போட்டு நிற்கும் ஒரு பளிங்குச் சிலை இருந்திருக்கிறது, கிரேக்கக் கடவுள் ஹெர்மஸையும் ஆட்டுக்கடாவைச் சுமக்க வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் கிறிஸ்தவர்கள் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களா? நான் தேவாலயத்துக்குப் போகிறவள், இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பதில் (உளிச்சத்தம்):
பெயர் மாற்றம் என்று சொல்ல முடியாதுங்க. ரோமானியர் காலத்துக்கு வரும்போது ஆடு சுமக்கும் இளைஞன் என்றாலே ஹெர்மஸ்தான் என்ற நிலை போய்விட்டது. இறந்தவருக்கு அமைதி கிடைக்கட்டும் என்று எந்தச் சமயத்தவரும் கல் சவப்பெட்டியில் செதுக்கச் சொல்லும் பொது உருவம் அது. சிற்பிகளும் பொதுதான், இன்று ஒருவருக்கு கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸ், நாளை இன்னொருவருக்கு கடல் மீன் விழுங்கிய வேதாகமத் தீர்க்கதரிசி யோனா.

ரோமில் சாந்தா மரியா அந்திகுவா தேவாலயத்தில் கி.பி. 270 வாக்கில் செய்த ஒரு சவப்பெட்டி இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். நடுவில் சுருளேட்டைப் படிக்கும் தத்துவஞானி, பக்கத்தில் கைகளை விரித்து ஜெபிக்கும் பெண். இரண்டு பேருக்கும் உடை மடிப்புகூட அவ்வளவு நேர்த்தி, முகம் மட்டும் கரடாக விடப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் முகத்தைப் பின்னால் செதுக்கிக்கொள்ளலாம் என்றுதான் அப்படி விடுவார்கள். அதே பெட்டியில் ஆடு சுமப்பவனும் உண்டு, இயேசுவின் ஞானஸ்நானமும் உண்டு. அந்த ஞானஸ்நானம் பக்கத்தில் இருப்பதால்தான் மேய்ப்பனை நல்ல மேய்ப்பன் என்று துணிந்து சொல்கிறோம்.

பதில் (கொடிமுல்லை):
அதே பெட்டியில் யோனாவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்! ஆடையில்லாமல், ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்துப் படுத்திருக்கிறார். கிரேக்கக் கதையில் நிலாத்தேவி செலினி காதல்கொண்ட, தூங்கும் இளைஞன் எண்டிமியானை இப்படித்தான் படுக்க வைத்துச் செதுக்குவார்கள், சிற்பிக்குக் கைவந்த வடிவம். அவரை விழுங்கியது நம் மனதில் இருக்கும் திமிங்கிலம் கிடையாது, கிரேக்கக் கதைகளில் வரும் சுருண்ட வால்கொண்ட கடல் விலங்கு. அப்புறம், தமிழ் வேதாகமத்தில் அவருக்கு நிழல் கொடுப்பது ஆமணக்கு, இங்கே சுரைக்கொடி. அவர்கள் படித்த கிரேக்க, பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் சுரை என்றுதான் இருந்தது.

பதில் (மண்வாசல்):
இரண்டு பேரும் இணக்கமான பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் நெற்றியில் சிலுவை கீறப்பட்ட, கிரேக்கக் காதல் தேவி அஃப்ரொடைட்டியின் தலை ஒன்று இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸின் தலைக்கும் அதே கதிதான், மூக்கும் உடைந்திருக்கிறது. சிலைக்குள் இருக்கும் பேயை அடக்கக் கீறினார்கள் என்பார்கள், சிலைக்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. ஏதென்ஸில் அதீனா தேவியின் கோயிலாக இருந்த பார்த்தினான் தேவாலயமானபோது வடபக்கப் புடைப்புச் சிற்பங்கள் பெரும்பாலும் கொத்தி எடுக்கப்பட்டன, ஓரத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க இன்னொருத்தி எதிரே நிற்கிறாள். மரியாளிடம் தேவதூதன் வந்த காட்சியாகத் தெரிந்ததால் விட்டுவைத்தார்கள் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பதில் (உளிச்சத்தம்):
சரிதான், உளியும் சுத்தியலும் இரண்டு வேலையும் செய்திருக்கின்றன. ஆனால் கி.பி. 359-இல் இறந்த ரோம் நகர ஆளுநர் ஜூனியஸ் பாசஸின் சவப்பெட்டியைப் பாருங்கள். இளம் இயேசு அரியணையில் இருக்கிறார், அவர் காலடியில் வானத்தேவன் கேலஸ் தலைக்கு மேல் துணியை வில்லாக விரித்துப் பிடித்திருக்கிறான். அவனை உடைக்கவில்லை, கீழே வைத்துவிட்டார்கள்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. முகம் செதுக்காத அந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உறுத்தல் போய் வேறொரு கவலை வந்துவிட்டது. அவளுக்கு முகம் வைக்க ஏன் யாரும் வரவில்லை?