விலை கூடிய ஷிம்மர் ஐஷேடோ: கொடுக்கிற காசுக்குத் தகுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

குடந்தைப் பெண்

தை கடைசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம். திருபுவனத்தில் பட்டு எடுத்தாயிற்று: அரக்கு நிறம், அகலச் சரிகை. ரிசப்ஷனுக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டாம், அக்கா கையால்தான் மேக்கப் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

மற்ற சாமான் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஐஷேடோவில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. சென்னையில் ஒரு மாலில் வெளிநாட்டு பிராண்டு ஒற்றை ஷிம்மர் (இமையில் போடுகிற மினுமினுப்புத் தூள்) ஒன்றைப் பார்த்தேன், ரோஸ் கோல்டு. 1.5 கிராம்தான், விலை 3,000 ரூபாய்க்கு மேல். விரலில் எடுத்தபோது பவுடர் என்றே தோன்றவில்லை, க்ரீம் தொட்டது போல வழுக்கியது. பார்வைக்கு அதே நிறம் 300 ரூபாய்க்கும் கிடைக்கிறது.

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அந்தப் பணம் வந்தால்தான் எங்கள் வீட்டில் பாதிச் செலவு நடக்கும். அந்த நேரத்தில் கண்ணிமைக்கு இவ்வளவு கொடுக்கலாமா? "நன்றாக இருக்கும், வாங்கு" என்று மட்டும் சொல்லாமல், எங்கே நன்றாக இருந்தது, எங்கே கைவிட்டது என்று எழுதுங்கள்.

மாயவரத்து பியூட்டிஷியன்

வாழ்த்துகள் தங்கச்சிக்கு. நான் மயிலாடுதுறை, சீர்காழி, செம்பனார்கோயில் பக்கமெல்லாம் கல்யாண மேக்கப்புக்குப் போகிறேன். என் பெட்டியில் இரண்டு விலையும் இருக்கின்றன.

வித்தியாசம் உண்டு. ஆனால் அது தெரிவது ஓர் அடி, இரண்டடி தூரத்தில்தான். நல்ல ஷிம்மர் இமை மேல் ஒரே பரப்பாகப் படியும். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் வெளிச்சம் இமையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்வது தெரியும். மட்டமானதில் மினுக்கு புள்ளி புள்ளியாக நிற்கும், இடையிடையே தோல் தெரியும். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். க்ளோசப் எடுக்கிற கேமராவுக்கு ஒன்றில்லை.

நம் ஊர் மண்டபங்களில் வீடியோ லைட்டை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். அந்த வெளிச்சத்தில் வெளிர் நிறங்கள் வெள்ளையாகிவிடும். உங்கள் ரோஸ் கோல்டைப் பற்றி எனக்கு அதுதான் தயக்கம். இன்னொன்று, அரக்குப் புடவைக்கு மேலே இமையிலும் சிவப்புச் சாயல் வந்தால் பெண் அழுதுவிட்டு வந்தது போலத் தெரியும். மாநிறத்துக்குச் செம்பு, வெண்கலம், பழைய தங்கம் மூன்றும் பெரும்பாலும் ஏமாற்றாது. புடவையின் முந்தானையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நிறம் தேர்ந்தெடுங்கள். சரிகை பளிச்சென்ற மஞ்சளா, கொஞ்சம் மங்கின பொன்னா என்று பார்த்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

வியர்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றுப் பாசன ஊர், காற்றிலேயே ஈரம். மேடையில் இரண்டு மணி நேரம் நின்றால் இமை மடிப்பில்தான் முதலில் கோடு விழும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது விழும், ஏனென்றால் அது அடியில் போடுவதைப் பொறுத்தது. இமையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பிரைமரையோ கன்சீலரையோ இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவி, அதன் மேல் மடிப்பில் மேட் பழுப்பு, அதாவது மினுக்கு இல்லாதது. கடைசியில் நடு இமையில் மட்டும் ஷிம்மர், மோதிர விரலால் ஒற்றி ஒற்றி. பிரஷ்ஷால் தேய்த்தால் 3,000 ரூபாய்ப் பொருளும் கன்னத்தில்தான் உதிரும். கண்ணை முடித்த பிறகு ஃபவுண்டேஷனுக்குப் போங்கள், உதிர்ந்ததைத் துடைத்துவிடலாம்.

தில்லை நாட்டியம்

மேடைக்கு என்றால் வேண்டவே வேண்டாம். சிவராத்திரி சமயம் நாட்டியாஞ்சலியில் ஆடுகிறவள் நான். பத்தாவது வரிசையில் இருப்பவருக்குக் கண் தெரிவது மையாலும் புருவத்தாலும்தான். திறந்தவெளி மேடையில் ஷிம்மர் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. வீட்டு நவராத்திரி கொலு, சின்னக் கூடத்தில் கச்சேரி, இங்கெல்லாம் எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். அங்கேதான் நான் நல்லதை எடுப்பேன்.

வேதியியல் டீச்சர், திருவாரூர்

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஷிம்மரின் உயிர் மைக்கா, நாம் அபிரகம் என்று சொல்கிற கனிமம். மெல்லிய தகடுகளாகப் பொடித்து, அதன் மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடை ஒரு படலமாகப் பூசுவார்கள். அந்தப் படலத்தின் கனம் மாறினால் வெள்ளி, தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று பளபளப்பின் நிறமே மாறும். செம்பும் வெண்கலமும் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு பூசியவை. டப்பாவின் பின்னால் நிறப்பொருளின் குறியீட்டு எண் இருக்கும்: சிஐ (CI) 77019 என்றால் மைக்கா, 77891 டைட்டானியம், 77491 சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. இரண்டு விலை டப்பாக்களையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இதே எண்கள்தான் இருக்கும். இந்தப் பளபளப்புத் தூளைத் தயாரிப்பவை ரசாயன நிறுவனங்கள். விலை கூடிய பிராண்டும் சாதாரண பிராண்டும் அவர்களிடம் வாங்குவது உண்டு.

அப்படியானால் காசு எங்கே போகிறது? துகளின் அளவு ஒரே சீராக இருப்பதில், தூளைப் பிடித்து நிறுத்தும் சிலிக்கோன், எண்ணெய் வகைகளில், மலிவான நிரப்புப் பொடியைக் குறைத்துப் பளபளப்புத் தூளைக் கூட்டுவதில். விரலில் வழுக்கியது என்று எழுதினீர்களே, அது இந்தப் பிடிப்புப் பொருளின் வேலை. மீதி, டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும்.

பியூட்டிஷியன் அக்கா சொன்ன மேட் பழுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மைக்காத் தகட்டில் பட்ட ஒளியில் ஒரு பகுதிதான் நம் கண்ணுக்குத் திரும்புகிறது, மீதி ஊடுருவி அடியில் போகிறது. அடியில் வெளிறின நிறம் இருந்தால் அந்த மீதியும் திரும்பி வந்து கலந்து, பளபளப்பைச் சோகையாக்கிவிடும். அடி கருமையாக இருந்தால் ஊடுருவியதை விழுங்கிவிடும், பளபளப்பு மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். ஆகவே நம் தோல் நிறம் ஷிம்மருக்கு ஒரு வரம். நடு இமையிலும் அடர் பழுப்பை லேசாகப் போட்டு, அதன் மேல் 300 ரூபாய்த் தங்கத்தை ஒற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு மனதில் உறுத்துவது. மைக்கா நிறைய வெட்டப்படுவது ஜார்க்கண்டிலும் பீகாரிலும். அங்கே குழந்தைகள் மைக்கா பொறுக்குவது வெளியே வந்த பிறகுதான் 2017-இல் ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பே தொடங்கியது. விலை அதிகம் என்பதாலேயே அந்த மைக்கா நல்ல இடத்திலிருந்து வந்தது என்று நினைத்துவிட முடியாது. எங்கிருந்து வாங்குகிறோம் என்று பிராண்டு வெளிப்படையாகச் சொல்கிறதா என்று பாருங்கள். சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட் என்று போட்டிருந்தால் அது ஆலையில் செய்த மைக்கா, சுரங்கத்துக்குச் சம்பந்தம் இல்லை. பளபளப்பும் அதில் தெளிவாக இருக்கும்.

பட்டுக்கோட்டை அம்மா

நான் வாங்கினவள், தினமும் போடுகிறவள். அம்பது தாண்டிவிட்டது, இமை தளர்ந்து மடிப்பு விழுந்திருக்கிறது. சாதாரண ஷிம்மரில் பெரிய மினுக்குகள் அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வயசைக் கூட்டிக் காட்டின. துகள் மிக நைசாக இருக்கிற, பட்டு போன்ற மினுமினுப்பு எனக்கு விலை கூடியதில்தான் கிடைத்தது. வயசானவர்கள் மினுக்கு போடக்கூடாது என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்கவில்லை. பேங்குக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தால் மனசு நிறைகிறது. எனக்கு அது போதும்.

1.5 கிராம் கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் செலவாகும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று, திறந்த டப்பா படம் போட்டு 12, 24 என்று மாதக் கணக்கு பின்னால் இருக்கும். தினம் போடாதவர்களுக்குத் தூள் தீருவதற்குள் அந்தக் கெடு தீர்ந்துவிடும். கல்யாணம், தீபாவளி, பொங்கல் என்று மட்டும் எடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நாகை வாசகி

சமூக ஊடகத்தில் பாதி விலைக்கு யாராவது அதே பிராண்டைத் தருகிறேன் என்றால் போகாதீர்கள். எனக்கு வந்ததில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. போட்ட அன்று ராத்திரியே கண் எரிந்து சிவந்து, டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்கினேன். 2020 அழகுசாதனப் பொருள் விதிப்படி வெளிநாட்டுப் பொருளின் லேபிளில் பதிவு எண்ணும் அந்தப் பதிவை வைத்திருப்பவர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். டப்பாவைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

குடந்தைப் பெண்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைச் செய்து பார்த்தோம். தஞ்சாவூரில் என்னோடு வேலை பார்க்கும் தோழியிடம் அந்த பிராண்டின் பழைய தங்கம் இருந்தது. மேலாகச் சுரண்டி, தாளில் மடித்துக் கொடுத்தாள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போனபோது மணமகள் அறையில் வைத்தே தங்கச்சியின் வலது இமையில் அதையும், இடது இமையில் 300 ரூபாய்த் தங்கத்தையும் போட்டேன். இரண்டுக்கும் அடியில் அடர் பழுப்பு.

ஜன்னல் வெளிச்சத்தில் வலது கண் கண்டிப்பாக அழகு. சரிகை நிறத்தோடு அப்படியே சேர்ந்தது. டியூப் லைட்டில் வித்தியாசம் குறைந்துவிட்டது, அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. ஃபோன் ஃப்ளாஷில் எடுத்த படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால் இடது கண்ணின் கீழே உதிர்ந்த மினுக்குகள் தெரிந்தன. வலதில் சுத்தம்.

ரிசப்ஷனுக்கு மட்டும் என்றால் 300 ரூபாய் போதும் என்று நான் சொல்லிவிட்டேன். பழுப்பு அடி கொடுத்தால் அது நன்றாகவே நிற்கிறது. ஆனால் தங்கச்சி காலேஜில் வேலை பார்க்கிறாள், தினம் பிள்ளைகள் முகத்துக்கு எதிரே நிற்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகும் போடுவேன், என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ரோஸ் கோல்டை விட்டுவிட்டோம். பல நிறம் சேர்ந்த பேலட்டும் வேண்டாம். பழைய தங்கம் ஒற்றை மட்டும், கடையிலேயே வாங்குகிறோம்.

மாயவரத்து பியூட்டிஷியன்

சரியான முடிவு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்பதால் ரிசப்ஷன் முடிந்து எவ்வளவு நேரமானாலும் ஷிம்மரை எடுத்துவிட்டுத்தான் பெண்ணைப் படுக்கவிட வேண்டும். ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடின கண் மேல் அரை நிமிஷம் வைத்து, பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இமை ரோமத்தின் அடியில் இன்னொரு முறை. துகள் உள்ளே போய்விட்டால் காலையில் கண் சிவந்து நிற்கும், தாலி கட்டுகிற படத்தில் அதை மறைக்க எந்த மேக்கப்பாலும் ஆகாது. ராத்திரி பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் இதற்கென்றே அவளோடு அறைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் அசதியில் அப்படியே தூங்கிவிடுவாள்.