புதுப்பிப்பு: சம்பா பகிர்வில் ‘அனுமதி மறுப்பு’ – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஃபெடோரா லினக்ஸ் சர்வரில் சம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்) நிறுவி, ரூட்டுக்கு (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ‘/’) நேர் கீழே ஒரு ஃபோல்டரை உருவாக்கிப் பகிர்ந்தேன். விண்டோஸில் பகிர்வின் பெயர் தெரிந்தது. திறந்தால் அனுமதி மறுப்பு. ஆத்திரத்தில் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் அசையவில்லை.

சம்பா பயன்படுத்தும் 445ஆம் போர்ட் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. சம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் வேண்டும் என்றவர் சொன்னதும் சரி, ஆனால் அதை முதலிலேயே அமைத்திருந்தேன்.

பலித்தது எஸ்இலினக்ஸ் லேபிளைப் பார்க்கச் சொன்ன யோசனை. எஸ்இலினக்ஸ் என்பது லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு; 777 போன்ற வழக்கமான அனுமதி இருந்தாலும், கோப்பின் லேபிள் பொருந்தாவிட்டால் தடுத்துவிடும். ‘எல்எஸ்’ கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால், ஃபோல்டரின் லேபிள் ‘டீஃபால்ட்_டி’ (சம்பாவுக்கு உரியதல்லாத பொது லேபிள்) என்று இருந்தது. ‘செமேனேஜ்’ மூலம் அந்தப் பாதைக்கு ‘சம்பா_ஷேர்_டி’ என நிரந்தர விதி எழுதி, அந்த விதிப்படி லேபிளை மாற்ற ‘ரெஸ்டோர்கான்’ ஓட்டினேன். உடனே திறந்தது. விதி எழுதாமல் லேபிளை மட்டும் மாற்றும் ‘சிஎச்கான்’ போட்டிருந்தால், அடுத்த முறை லேபிள்களைச் சீரமைக்கும்போது பழைய குருடி கதவைத் திறடி ஆகியிருக்கும்.

எதிர்பாராதது ஒன்று. மறுநாள் ஹோம் டைரக்டரியிலிருந்து ‘எம்வி’ கட்டளை போட்டு இந்த ஃபோல்டருக்கு நகர்த்திய கோப்புகள் மட்டும் திறக்க மறுத்தன. ‘எம்வி’ பழைய லேபிளையும் கையோடு கூட்டி வந்துவிடுகிறது. ‘சிபி’ போட்டு நகலெடுத்தால் போய்ச் சேரும் ஃபோல்டரின் லேபிள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஒரு ‘ரெஸ்டோர்கான்’, அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 777ஐ 770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் மட்டும் அனுமதி) ஆக்கிவிட்டேன். திட்டியவர்கள் மன்னிக்கவும்!