அப்பப்பான்ர மடிப்புக் கமரா: என்ன மாடல், எந்தக் காலத்துச் சாமான்?

முள்ளியவளையான்:
வணக்கம். இடம்பெயரேக்க பொலித்தீன் சுத்தி வளவுக்குள்ள தாட்டு வைச்ச பழைய கமரா ஒண்டு இப்ப என்னட்டை இருக்கு. முன்பக்கத் தோல் உரிஞ்சு போச்சு, பின்பக்கம் பரவாயில்லை. பட்டனை அமத்தினா மூடி திறந்து லென்ஸ் வெளிய வருது. மூடியில சைஸ் ஐக்கோன் எண்டு கிடக்கு. லென்ஸில நோவார் அனஸ்டிக்மாட், 6.3, 75 மிமீ. ஷட்டர் வேரியோ: பி, 25, 75, 200. அப்பா சொல்றார், அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்திலயே வாங்கினதாம். உண்மையோ? என்ன பிலிம் போடுறது?

கிளிநொச்சிப் பெடியன்:
லென்ஸ் இலக்கத்தை, லென்ஸ் செய்த கார்ல் சைஸ் ஜெனா கொம்பனியின்ர அட்டவணையில போட்டுப் பாருங்கோ, வருசம் வரும்.

வவுனியா படக்காரன்:
வராது தம்பி. ஜெனாக்காரரின்ர டெஸார் லென்ஸ் எண்டா சரி. நோவார் ஜெனாக்காரர் செய்ததில்லை, அந்த அட்டவணைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சைஸ் ஐக்கோன் 1926இல நாலு கொம்பனி சேர்ந்து வந்தது, அதால பேரை மட்டும் வைச்சும் காலம் சொல்லேலாது.

முள்ளியவளையான், பின்மூடித் தோலை உலர்ந்த துணியால துடைச்சுப் போட்டு, ரோச்சைச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. அமுக்கி அடிச்ச இலக்கம் ஒண்டு இருக்கும். அதுதான் மாடல். ஷட்டர்ப் பக்கத்தில பிளாஷ் வயர் கொழுவுற சின்னத் துளை இருக்கோ?

முள்ளியவளையான்:
துளை இருக்கு அண்ணை. தோலில 518/16 எண்டு மங்கலாத் தெரியுது.

வவுனியா படக்காரன்:
அப்ப சைஸ் ஐக்கோன்ர நெட்டார் மாடல். கடைசி 16 எண்டது 6x6 செமீ படம்; 2 எண்டு முடிஞ்சா 6x9. 517/16க்குப் பிறகு வந்த மாடல் இது, 1950கள். பிளாஷ் துளையும் போருக்குப் பிந்தினது எண்டுதான் காட்டுது; எண்டாலும் பழைய ஷட்டருக்குப் பிறகு துளை போட்டுக் குடுத்த ஆக்களும் இருக்கினம், அதால துளையை மட்டும் நம்பக் கூடாது. ஆனா லென்ஸ் அளவும் மிமீயில இருக்கு. போருக்கு முந்தின ஜேர்மன் லென்ஸ் எண்டா பெரும்பாலும் செமீயில, 7.5 எண்டு எழுதியிருப்பாங்கள். எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுது.

முள்ளியவளையான்:
அப்பாட்டை ஆர் சொல்றது! 48க்கு முதல் எண்டு அடிச்சுச் சொல்றார்.

கிளிநொச்சிப் பெடியன்:
அப்பப்பாட்டை அதுக்கு முதல் வேற கமராவும் இருந்திருக்கலாம்தானே.

வவுனியா படக்காரன்:
இருக்கும். பிலிம் 120 எண்ட சுருள், பன்னிரண்டு படம் விழும். கொழும்பில எடுப்பிக்கலாம். கொடக் மடிப்புக் கமராக்கள் பலதுக்குத்தான் 620. பிலிம் ஒண்டுதான், சுருளின்ர தண்டு மெல்லிசு. உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

அதுக்கு முதல் பெல்லோஸை, லென்ஸுக்கும் பெட்டிக்கும் இடையில விரியிற மடிப்புப் பையை, பாருங்கோ. மண்ணுக்குள்ள கிடந்த சாமான். இருட்டறையில ரோச்சை உள்ள விட்டு, மடிப்பு மூலையளைப் பாருங்கோ, ஓட்டை எண்டா ஊசிமுனை மாதிரி வெளிச்சம் தெரியும். லென்ஸ் வளையம் இறுகியிருந்தா திருகாதேங்கோ. ஷட்டருக்குள்ள எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், தகடு ஒட்டிப் போகும்.

முள்ளியவளையான்:
ரெண்டு மூலையில வெளிச்சம் தெரியுது அண்ணை.

வவுனியா படக்காரன்:
ரெண்டுதானே, மாத்தத் தேவையில்லை. கறுப்புத் துணிப் பெயின்ற் மெல்லிசாப் பூசி, விரிச்சபடியே காய விடுங்கோ.