இல்ல விளையாட்டுப் போட்டி ரீசேர்ட்டுகளுக்குச் சப்ளிமேஷன் அச்சு பொருந்துமா?

களுவாஞ்சிகுடித் தையலகம்:
அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் சிறிய தையற்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் ரீசேர்ட் கேட்டு வருபவர்களுக்குக் குறைவிருக்காது; அதற்குப் பின்னர் கழகங்களின் கிரிக்கெட், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் தொடரும். இதுவரை தைப்பது நானாகவும் அச்சிடுவது வேறொருவராகவும் இருந்துவந்தோம். இப்போது வருகின்ற பலரும் சப்ளிமேஷன்தான், அதாவது காகிதத்தில் அச்சிட்ட படத்தை வெப்பத்தால் அழுத்தித் துணிக்கு மாற்றும் முறைதான், வேண்டும் என்கிறார்கள். ஏ3 அளவிலான பிரின்டரையும் வெப்ப அழுத்தியையும் வாங்கினால் கட்டுபடியாகுமா? பருத்தி ரீசேர்ட்டுகளுக்கும் அதையே பயன்படுத்தலாமா? இத்தொழிலில் இருப்பவர்கள் நன்மை தீமை இரண்டையும் மறைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்முனை அச்சகம்:
தம்பி, இயந்திரத்தை விசாரிப்பதற்கு முன்னர் உங்களிடம் வரும் துணி எது என்பதைப் பாருங்கள். இந்தத் தொழிலின் லாபமும் நட்டமும் அதிலேயே இருக்கிறது. சப்ளிமேஷன் மை ஏறக்குறைய 190 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில், திரவமாகாமல் நேரே ஆவியாகிப் பொலியெஸ்டர் இழைக்குள் புகுந்துவிடுகிறது. துணியின் மேல் படலமாக ஒட்டுவதில்லை என்பதால் தடவிப் பார்த்தால் அச்சிட்ட இடமும் அச்சிடாத இடமும் ஒன்றுபோலவே இருக்கும். வெடிக்காது, உரியாது, தோய்த்தாலும் எளிதில் போகாது. எத்தனை நிறங்கள் இருந்தாலும் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு சட்டைக்கும் வெவ்வேறு பெயரும் இலக்கமும் போட வேண்டிய கழகங்களுக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

குறைகளுக்கு வருவோம். பருத்தியில் இந்த மை பிடிக்காது; முதல் நாள் பிடித்ததுபோலத் தெரிந்தாலும் சில தோய்ப்புகளில் வெளிறிவிடும். கலப்புத் துணியில் பொலியெஸ்டர் பங்கு மட்டுமே நிறத்தை ஏற்பதால் படம் மங்கலாகவே வரும். மையில் வெள்ளை நிறம் இல்லை. மற்ற நிறங்களும் ஒளி ஊடுருவக்கூடியவை. ஆகவே கறுப்பு அல்லது கடும் நீலத் துணியில் மஞ்சள் எழுத்து கேட்டு வருபவரை ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்புங்கள், அல்லது வெள்ளைத் துணியில் அந்தக் கடும் நிறத்தையே முழுவதும் அச்சிட்டுத் தையுங்கள்.

இந்த இடத்தில்தான் ஏ3 பிரின்டர் கைவிடும். அது நெஞ்சுப் படத்திற்கும் முதுகு இலக்கத்திற்கும் போதும். முழுச் சட்டையும் அச்சாக வேண்டுமானால் துணியை வெட்டி, துண்டு துண்டாகப் பெரிய அழுத்தியில் அச்சிட்டு, அதன் பிறகே தைக்க வேண்டும். தைத்து முடித்த சட்டையை அழுத்தினால் கக்கத்து மடிப்பிலும் பக்கத் தையலிலும் மை எட்டாத வெள்ளைக் கீறுகள் நிற்கும். கையைத் தூக்கியவுடன் அவை பளிச்சென்று தெரியும். தையல் உங்கள் கையில் இருப்பதால், பெரிய அளவு அச்சை வெளியில் எடுத்துத் துண்டுகளாக வாங்கித் தைப்பது உங்களுக்கு இன்னும் இலாபமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மருதமுனைத் தறி:
பருத்தி வேலைக்கு ஸ்கிரீன் பிரின்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படம், ஒன்றிரண்டு நிறம், அதிக எண்ணிக்கை என்றால் இன்றும் அதுவே மலிவு. குறைந்த எண்ணிக்கையில் பல நிறப் படம் கேட்டால் டிரிஎஃப் முறை இருக்கிறது: படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவிச் சூடாக்கித் துணியில் ஒட்டுவது. கடும் நிறத்திலும் பருத்தியிலும் அது நிற்கும். ஆனால் நெஞ்சில் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருப்பதுபோலவே உணர்வு, காற்றும் புகாது.

விளையாட்டு ஆசிரியர்:
அணிபவர்களின் பக்கத்திலிருந்து ஒரு சொல். நமது மாவட்டத்து வெயிலில் நெருக்கமாக நெய்த பொலியெஸ்டரைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மைதானத்தில் நாள் முழுவதும் நிறுத்துவது கொடுமை. வியர்வை வாடையும் அதில் விரைவில் தங்கிவிடும். அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், நுண்துளைகள் உள்ள இலேசான பின்னல் துணியையே தெரிவுசெய்யுங்கள். கடும் சூட்டில் மினுக்க வேண்டாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

களுவாஞ்சிகுடித் தையலகம்:
மூவருக்கும் நன்றி. அண்ணன், நமது மாரிகால ஈரம் இந்த வேலையைப் பாதிக்குமா? எனக்கு வேலை கூடுவது மாரி முடிகிற காலத்தில்தான்.

கல்முனை அச்சகம்:
நிச்சயமாகப் பாதிக்கும். காகிதம் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுபோனால் அச்சில் திட்டுத் திட்டாக மை பரவும். காகிதக் கட்டை உறையிட்டு மூடி வையுங்கள். துணியையும் படம் வைப்பதற்கு முன்னர் சில செக்கன்கள் வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். அதே நேரத்தில் ஒட்டும் உருளையால் துணியை ஒருமுறை துடைத்துவிடுங்கள், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பஞ்சுத் தும்பு வெள்ளைத் துணியில் நீலப் புள்ளியாகப் பதிந்துவிட்டால் அதைக் கழுவி எடுக்க முடியாது. காகிதத்தில் நிறம் மங்கித் தெரிகிறதே என்று மையைக் கூட்டிவிடாதீர்கள்; சூடு பட்ட பிறகுதான் அது எழும். பிரின்டரைச் சும்மா போட்டுவைத்தால் மை காய்ந்து தலை அடைபடும் என்பதால், வேலை இல்லாத மாதங்களிலும் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு பக்கமாவது அச்சிட்டுக்கொண்டிருக்க வேண்டும். போட்டிக் காலத்திற்கு மட்டுமே உங்களுக்கு வேலை என்றால் இந்தச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.